மூளைக்கு ஒரு காலக்கெடு

பிறந்து மூன்று நாளான குழந்தையின் குதிகாலில் மெல்லக் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் ஏற்றி, உலர்த்தி, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அக்குழந்தையின் தைராய்டு சுரப்பி முறையாக இயங்குகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். இயங்கவில்லை என்றால் தைராக்சின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்து நாள்தோறும் புகட்ட வேண்டும். முதல் இரண்டு வாரங்களுக்குள் இதைத் தொடங்கிவிட்டால், குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்குச் செல்லும். அதே மாத்திரையை ஆறு மாதம் கழித்துத் தொடங்கினால் உடல் வளரும், தோல் பளபளப்பாகும், மலச்சிக்கல் நீங்கும். ஆனால், அறிவு வளர்ச்சியில் ஏற்பட்ட பின்னடைவு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும்.

குறைபாடும் ஒன்று, அதை நிரப்பும் பொருளும் ஒன்று. எனினும், விளைவு இருவேறாக இருப்பது ஏன்? இதற்கான விடையை மனிதர்களிடம் சோதித்து அறிய முடியாது. எந்தத் தாயிடமும் 'உங்கள் குழந்தைக்கு மட்டும் ஆறு மாதம் தாமதமாகத் தருகிறோம்' என்று சொல்ல இயலாது. நாய், குரங்கு, எலி என்று விலங்குகளிடம்தான் அந்த விடை தேடப்பட்டது. அத்தேடல் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீண்டது.

தொடக்கம் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில். கழுத்துக் கழலைக்கு அறுவை சிகிச்சை செய்வதில் தேர்ந்தவரான தியோடர் கோகர், தைராய்டு சுரப்பியை முழுமையாக அகற்றிய தம் நோயாளிகள் பின்னாளில் உடல் ஊதி, மனம் மந்தமாகிப் போனதை 1883-இல் வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி குரங்குகளின் தைராய்டு சுரப்பியை அகற்றி, அவையும் அதே மந்த நிலையை அடைவதைக் காட்டினார். மோரிட்ஸ் ஷிஃப் ஒரு நாயின் தைராய்டை வேறொரு நாயின் வயிற்றுக்குள் பதித்தார். அப்படிப் பதிக்கப்பட்ட நாய், தன்னுடைய தைராய்டு அகற்றப்பட்ட பிறகும் உயிர் தரித்தது. (சுரப்பியை இழந்த நாய்கள் அவ்வளவு விரைவாக மடிந்ததற்குப் பெரிதும் காரணம், அதனுடன் சேர்ந்து போய்விட்ட பாராதைராய்டு என்னும் சிறு சுரப்பிகளே என்பது பின்னர் தெரியவந்தது. ஒரு கருத்து சரியாக இருக்க, அதற்குக் காட்டப்பட்ட சான்று பிழையாக இருப்பது அறிவியலில் அரிதன்று. பொருளியலில் அதைவிடவும் அரிதன்று!)

சுரப்பி எங்கே இருந்தாலும் பரவாயில்லை, அது தரும் சாறு ரத்தத்தில் கலந்தால் போதும் என்பது இதிலிருந்து புலப்பட்டது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், தைராய்டு செயலிழந்த 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். சில வாரங்களில் வீக்கம் வற்றியது, பேச்சு தெளிவானது, மந்தம் விலகியது. அப்பெண்மணி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் பயன்பட்டதாக மர்ரே பின்னர் கணக்கிட்டுச் சொன்னார். அச்சாற்றின் உயிர்ப்பொருளான தைராக்சினை 1914-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்தார். 1927-இல் சார்லஸ் ஹாரிங்டனும் ஜார்ஜ் பார்கரும் அதை ஆய்வகத்திலேயே செயற்கையாக உருவாக்கிவிட்டனர்.

வளர்ந்தவர்களின் மூளை இழந்த சுறுசுறுப்பை மீட்டுக்கொள்கிறது என்பது இவ்வாறு உறுதியாயிற்று. ஆனால், பிறவியிலேயே தைராய்டு இல்லாத குழந்தைகளுக்கு இதே சாறு தரப்பட்டபோது மருத்துவர்களின் மகிழ்ச்சி பாதியோடு நின்றது. குழந்தை உயரமாக வளர்ந்தது. அதன் அறிவு அந்த அளவுக்கு வளரவில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் ஜே.டி. ஏயர்ஸ். 1950-களிலும் 1960-களிலும் அவர் பிறந்த சில நாள்களே ஆன எலிக்குட்டிகளின் தைராய்டை முடக்கி, அவற்றின் பெருமூளைப் புறணியை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்புச் செல்கள் பெருமளவில் மடிந்து போயிருக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு அங்கே ஒரு வியப்பு இருந்தது. செல்கள் இருந்தன, ஆனால், அவற்றிலிருந்து கிளைத்துப் பரவ வேண்டிய இழைகள் குட்டையாகவும் குறைவாகவும் இருந்தன. ஒரு செல்லின் கிளை மற்றொன்றின் கிளையைத் தொடும் வாய்ப்பே அருகிவிட்டது. வீடுகள் கட்டி முடிக்கப்பட்டும் தெருக்கள் போடப்படாத குடியிருப்பைப் போன்ற நிலை.

இக்குறை, மூளையின் மின் செயல்பாட்டிலும் தெரிந்தது. அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்த எலிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தனர். 1960, 1961-ஆம் ஆண்டுகளில் முடிவுகள் வெளியாயின. ஒரு தூண்டலுக்கு மறுமொழி அளித்த புறணி, அடுத்த தூண்டலுக்கு மறுமொழி அளிக்க ஆயத்தமாவதற்கு இயல்பான எலியைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. சிக்கலான பாதைகளில் வழி கண்டுபிடிக்கும் தேர்வில் அந்த எலிகள் பின்தங்கின.

பிறகு வருகிறது முக்கியமான கட்டம். இந்த எலிகளுக்குத் தைராக்சின் கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த முதல் இரு வாரங்களுக்குள் தொடங்கியபோது மீட்சி கணிசமாக இருந்தது. மூன்றாம் வாரத்தைக் கடந்து தொடங்கியபோது மிகச் சொற்பமே. வளர்ந்த பிறகு தைராய்டை இழந்த எலிகளிடம் கதையே வேறு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கரீம் அல்காதி குழுவினர் 2005-ஆம் ஆண்டை ஒட்டி வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு நல்ல சான்று. நினைவாற்றலுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் பகுதியில், திரும்பத் திரும்பத் தூண்டப்படும் நரம்பு இணைப்பு வலுப்பெற்று நீடிக்கும் இயல்பு உண்டு. தைராய்டு குறைந்த வளர்ந்த எலிகளில் அந்த இயல்பு நலிந்திருந்தது; தைராக்சின் தந்தபோது திரும்ப வந்தது. எலிகளின் கற்றலும் நினைவும்கூட மீண்டன.

பொருளியல் கற்பித்தவனின் பழக்கத்தில் சொல்வதானால், வளர்ந்த மூளைக்கு ஹார்மோன் என்பது நடைமுறை மூலதனம். அது வற்றினால் ஆலை மந்தமாகும். திரும்ப வந்தால் எந்திரங்கள் ஓடும். பிறந்த குழந்தையின் மூளைக்கோ அது ஆலையைக் கட்டுவதற்கான மூலதனம். கட்டுமானப் பருவத்தில் வராத பணம் பின்னர் எவ்வளவு வந்தாலும், கட்டப்படாத கூடத்தில் எந்த எந்திரத்தையும் ஓட்ட முடியாது.

அப்படியானால் பருவம் என்று ஒன்று எப்படி உருவாகிறது? தைராய்டு பெரும்பாலும் சுரப்பது தைராக்சின். மூளைக்குள் அதிலிருந்து ஓர் அயோடின் அணு நீக்கப்பட்டு, டி-3 எனப்படும் வீரியமிக்க வடிவம் உண்டாகிறது. அது நரம்புச் செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பியோடு இணைந்து, குறிப்பிட்ட மரபணுக்களை இயங்கச் செய்கிறது. நரம்பிழைகளுக்கு மயலின் உறை போர்த்தும் மரபணுக்களும் அவற்றுள் அடங்கும். சிறுமூளையில் இதைத் தெளிவாகக் காணலாம். எலிக்குட்டியின் சிறுமூளை மேற்பரப்பில் பிறக்கும் செல்கள் மூன்று வாரங்களுக்குள் உள்நோக்கி இடம்பெயர்ந்து, மேலடுக்கே மறைந்துவிடும். தைராய்டு இல்லாத குட்டியில் அந்த அடுக்கு காலம் கடந்தும் தங்கிவிடுகிறது. அச்செல்கள் வந்து தொட வேண்டிய பெரிய நரம்புச் செல்களும் கிளை விரிக்காமல் குறுகி நிற்கின்றன. கட்டுமானப் பணியில் ஒரு குழு தாமதமானால் அடுத்த குழு காத்திருப்பதில்லை. கிடைத்ததை வைத்து முடித்துவிட்டுப் போய்விடுகிறது.

மேட்ரிட் நகரில் ஹுவான் பெர்னால் குழுவினர் 2002-இல் வெளியிட்ட முடிவு ஒன்று இத்துறையினரையே நிமிர்ந்து உட்கார வைத்தது. ஹார்மோன் வராத நிலையில் அதன் ஏற்பி சும்மா இருப்பதில்லை. மரபணுக்களை முனைந்து அடக்கி வைக்கிறது. எனவே, ஏற்பியே இல்லாதபடி மரபணு மாற்றம் செய்யப்பட்ட சுண்டெலிகளுக்குத் தைராய்டு குறைபாட்டை உண்டாக்கியபோது, அவற்றின் சிறுமூளை அமைப்பு சிதையவில்லை! அதாவது, தீங்கின் பெரும்பகுதி ஹார்மோன் இல்லாமையால் மட்டும் விளைவதன்று. ஹார்மோனுக்காகக் காத்திருக்கும் ஏற்பி கதவைச் சாத்தி வைப்பதால் விளைவது. குறைபாடு என்பதை வெறும் வெற்றிடமாகக் கருதும் நம் வழக்கமான எண்ணத்துக்கு இது நேர்மாறானது. இந்தப் பொருள் குறித்து நான் படித்தவற்றுள் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இதுவே.

மிகையும் தீங்குதான். பிறந்த எலிக்குட்டிகளுக்கு அளவுக்கு அதிகமாகத் தைராக்சின் தந்தால், அவை முன்னதாகவே கண் திறக்கும். மூளையும் விரைந்து முதிரும். ஆனால், செல் பெருக்கம் உரிய காலத்துக்கு முன்பே நின்றுவிடுவதால் இறுதியில் செல்களின் எண்ணிக்கை குறைகிறது. தைராக்சினை உரம் என்று எண்ணுவதைவிட, 'இப்போது அடுத்த வேலையைத் தொடங்கு' என்று அடிக்கப்படும் மணி என்று கொள்வதே பொருத்தம்.

எலியிடம் கண்டதை அப்படியே மனிதக் குழந்தைக்குப் பொருத்திவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எலிக்குட்டி பிறக்கும்போது அதன் மூளை, ஏறத்தாழத் தாயின் வயிற்றில் பாதிக்காலத்தைக் கடந்த மனிதச் சிசுவின் மூளைக்கு ஒப்பானது. ஆகவே, எலியின் முதல் சில வாரங்கள் நம் கணக்கில் பெருமளவு கருவறைக் காலமே. அந்தக் காலத்தில் சிசுவுக்குத் துணை நிற்பது யார்? ஸ்பெயினில் கேப்ரியெல்லா மொரியாலே குழுவினர் 1990-இல் இதற்கு விடை தந்தனர். தைராய்டு முடக்கப்பட்ட எலிச் சிசுக்களின் மூளையை, தாய்க்குச் செலுத்திய தைராக்சின் காத்தது. வீரியம் மிக்கதாகக் கருதப்படும் டி-3 காக்கவில்லை. சிசுவின் மூளை, தாயிடமிருந்து வரும் தைராக்சினைப் பெற்றுத் தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது. கர்ப்பிணிகளுக்குத் தைராய்டு பரிசோதனையும் அயோடின் சேர்த்த உப்பும் ஏன் வலியுறுத்தப்படுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

தாயின் இந்தக் கொடையில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. பிறவித் தைராய்டு குறைபாடுள்ள குழந்தை, தாயின் தைராக்சினைக் கொண்டு வளர்ந்ததால், பிறக்கும்போது பெரும்பாலும் முற்றிலும் இயல்பாகத் தோன்றுகிறது. நன்றாகத் தூங்குகிறது, அதிகம் அழுவதில்லை. 'சமத்துக் குழந்தை' என்று பாட்டி மெச்சுவாள். அறிகுறிகள் கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர மருத்துவர்கள் 1972-இல் வெளியிட்ட கணக்கு இதன் கொடுமையை உணர்த்தும். மூன்று மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கிய குழந்தைகளின் சராசரி அறிவுத்திறன் அளவு (ஐ.க்யூ.) 89, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கியவர்களுக்கு ஏறத்தாழ 70, அதன் பிறகு தொடங்கியவர்களுக்கு 54. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஜான் டுசோ என்ற மருத்துவர், வடிதாளில் உலர்ந்த ரத்தத்திலிருந்தே தைராக்சினை அளக்கும் முறையைக் கண்டறிந்து, 1974-இல் மாகாணம் முழுவதும் பிறக்கும் குழந்தைகளுக்குப் பரிசோதனையைத் தொடங்கினார். இன்று வளர்ந்த நாடுகளில் இக்குறைபாட்டால் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தையைக் காண்பது அரிது.

இனி, மற்றொரு ஹார்மோன். காலக்கெடு என்ற இந்த விதி வளரும் மூளைக்கு மட்டும்தானா என்ற கேள்வி எழுகிறது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்ஈவன், கேத்தரின் வூலி ஆகியோர் 1990-இல் வளர்ந்த பெண் எலிகளின் சினைப்பைகளை அகற்றி ஆராய்ந்தனர். சில நாள்களிலேயே ஹிப்போகாம்பஸின் நரம்புக் கிளைகளில் முளைத்திருக்கும் நுண்முட்கள் குறைந்தன; இந்த நுண்முட்களில்தான் ஒரு செல் மற்றொன்றின் செய்தியைப் பெறுகிறது. ஈஸ்ட்ரோஜன் செலுத்தியதும் அவை மீண்டும் முளைத்தன. இயல்பான எலியிலும், நான்கைந்து நாள் சினைப்பருவச் சுழற்சிக்குள்ளேயே அவற்றின் அடர்த்தி ஏறத்தாழ 30 சதவீதம் கூடிக் குறைகிறது. வளர்ந்த மூளை கல்லில் செதுக்கிய சிற்பம் என்ற நெடுநாள் எண்ணம் இதனால் ஆட்டம் கண்டது.

ஆனால், இங்கும் காலம் குறுக்கிட்டது. பிட்ஸ்பர்கில் ராபர்ட் கிப்ஸ் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சினைப்பை அகற்றிய உடனோ மூன்று மாதத்திலோ ஹார்மோன் சிகிச்சை பெறத் தொடங்கிய எலிகள், முதுமையில் வழி கற்கும் தேர்வில் மேம்பட்டன. பத்து மாதம் கழித்துத் தொடங்கியவை பயனடையவில்லை. நெடுங்காலம் ஈஸ்ட்ரோஜன் இல்லாதபோது ஹிப்போகாம்பஸில் அதன் ஏற்பியே சிதைந்து குறைந்துவிடுவதாக 2011-இல் மற்றோர் ஆய்வு காட்டியது. தைராய்டு ஏற்பி கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோ வீட்டைக் காலி செய்துவிடுகிறது!

மனிதரிடம் இது கசப்பான பாடமாகவே வந்தது. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 4,500 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றின் முடிவு 2003-இல் வெளியானது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை உட்கொண்டவர்களில் 40 பேருக்கும், வெற்று மாத்திரை உட்கொண்டவர்களில் 21 பேருக்கும் மறதிநோய் கண்டது. நினைவைக் காக்கும் என்று நம்பித் தரப்பட்ட மருந்து அது. மாதவிடாய் நின்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தொடங்கியதே பிழை என்று விலங்காய்வாளர்கள் கூறினர். அப்படியானால் முன்கூட்டியே தொடங்கினால் நினைவாற்றல் கூடுமா? மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளுக்குள் சிகிச்சை தொடங்கிய பெண்களிடம் பின்னர் நடந்த ஆய்வுகளில் தீங்கும் தென்படவில்லை. குறிப்பிடத்தக்க நன்மையும் தென்படவில்லை. எலி சொன்னதில் பாதியைத்தான் மனித மூளை உறுதி செய்திருக்கிறது. நினைவாற்றலுக்காக மட்டுமே இந்த மாத்திரையை உட்கொள்ள இன்று ஆதாரமில்லை என்பதே நேர்மையான நிலைப்பாடு.

ஆனால், நாற்பது வயதுக்கு முன்பே கருப்பையுடன் சினைப்பைகளையும் அகற்றிக்கொண்ட பெண்களின் நிலை வேறு. சினைப்பை அகற்றப்பட்ட எலிக்கு மிக நெருக்கமானவர்கள் அவர்களே. இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரையிலாவது, தடை ஏதும் இல்லாவிட்டால், அவர்களுக்கு ஹார்மோன் தரப்பட வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். 'தொல்லை போகட்டும், எடுத்துவிடுங்கள்' என்று அறுவைக்குச் சம்மதிக்கும் நம் கிராமப்புறப் பெண்களில் எத்தனை பேரிடம், சினைப்பை எடுக்கப்படுகிறதா இல்லையா என்பதாவது சொல்லப்படுகிறது?

குழந்தைகளிடம் திரும்புவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடத்திய பல மைய ஆய்வில், 1,130 குழந்தைகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிறவித் தைராய்டு குறைபாடு காணப்பட்டது. தென்னிந்தியக் குழந்தைகளிடையே 727-க்கு ஒன்று. நாட்டில் ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் அதிகமான குழந்தைகள் பிறக்கின்றன. முதல் விகிதத்தையே கொண்டாலும், 17 ஆயிரத்துக்குக் குறையாத குழந்தைகள் ஆண்டுதோறும் இக்குறைபாட்டுடன் பிறக்கின்றன. கோவா, கேரளம் போன்ற மாநிலங்கள் அரசு மருத்துவமனைகளில் இப்பரிசோதனையைத் தொடங்கி நடத்திக் காட்டியுள்ளன. நாடு முழுவதும் இது இன்னும் கட்டாயமாகவில்லை.

செலவைக் காரணம் காட்டுவது பொருந்தாது. தைராக்சின், மருந்துக் கடையில் கிடைக்கும் மலிவான மாத்திரைகளுள் ஒன்று. பரிசோதனைச் செலவையும், அறிவு வளர்ச்சி குன்றிய ஒருவரை வாழ்நாள் முழுவதும் பேண ஒரு குடும்பம் இழக்கும் உழைப்பையும் தராசில் வைத்தால், எந்தப் பக்கம் தாழும் என்பதைக் கணக்கிட முனைவர் பட்டம் வேண்டியதில்லை. உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. சுகப்பிரசவமான தாய் இரண்டாம், மூன்றாம் நாளே வீடு திரும்புகிறார். அதுவும் பெரும்பாலும் தாய்வீட்டுக்கு. ஆய்வக முடிவு வரும்போது மருத்துவமனைப் பதிவேட்டில் இருப்பது கணவர் வீட்டு முகவரி. ஒரு வாரம் தேடலில் போனால், இருப்பதே இரண்டு வாரம் என்ற கெடுவில் பாதி கரைந்துவிடுகிறது.

இந்த இடத்தில் தமிழகத்துக்கு ஒரு வசதி உண்டு. இங்கே கர்ப்பிணிகள் ஒவ்வொருவருக்கும் 'பிக்மி' பதிவு எண் வழங்கப்படுகிறது. கிராம சுகாதார செவிலியருக்குத் தம் பகுதிக் கர்ப்பிணிகளைப் பெயர் சொல்லித் தெரியும். குழந்தையின் ரத்தம் ஏற்றிய வடிதாளில் அந்த எண்ணையும், பிரசவத்துக்குப் பின் தாய் தங்கப்போகும் ஊரின் பெயரையும், அவ்வூர்ச் செவிலியரின் கைப்பேசி எண்ணையும் எழுதிவிட்டால், முடிவு வந்த அன்று மாலையே மாத்திரை அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.